கால் வைத்தால் நெருப்பு... கை வைத்தால் தண்ணீர்!

"ஓய், இங்க பாரும்!"

பக்கத்து சீட் நண்பர் செல்போனை என் மூக்கு வரைக்கும் நீட்டினார். 2024 ஜூலை மாதம். சங்கரன்கோவிலில் எங்கள் ஆபீஸ். தயிர் சாதமும் ஃபேன் காற்றும் கூட்டணி வைத்து ஆளைச் சாய்க்கிற மத்தியான நேரம்.

போனில் பிரேசில்! கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று மணல் மேடுகள். ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவில் பச்சையும் நீலமுமாகக் குளம். 'லென்சோயிஸ் மரானென்சிஸ்' என்று பெயராம். (நாலு தடவை சொல்லிப் பாருங்கள். நாங்கள் மூன்றாவது தடவை சொல்லும்போது ஹெட்கிளார்க் வந்துவிட்டார்.) 'லென்சோயிஸ்' என்றால் படுக்கை விரிப்பு. உலர்த்தப் போட்ட வேட்டி காற்றில் சுருண்ட மாதிரித்தான் இருக்கிறது. 1,550 சதுர கிலோமீட்டர் பரப்பு. வருஷத்தின் முதல் பாதியில் கொட்டுகிற மழை மேடுகளின் இடுக்கில் தேங்கி, அத்தனையும் நல்ல தண்ணீர்க் குளங்களாகிவிடும். வருஷக் கடைசியில் பாதிக்கு மேல் வற்றிப்போகும். அதில் மீன் வேறு உண்டு. ஒரு ஜாதி மீன் குளம் வற்றியதும் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்குமாம். அதன் அறிவியல் பெயரில் 'மலபாரிகஸ்' என்று நம்ம மலபார் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தென் அமெரிக்க மீனுக்குக் கேரளத்து இனிஷியல்!

அந்த மாதம் டெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில்தான் இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தார்கள்.

"ஒரு தடவையாவது போவணும்வே!" என்று பெருமூச்சு விட்டார் நண்பர்.

"ஒம்ம ஊர்லயே தேரிக்காடு இருக்கே! எங்களை ஒரு நாளாவது கூப்பிட்டீரா?"

"அதுவா... செக்கச்செவேல்னு வெறும் மண்ணு ஓய். பனையும் முள்ளும்தான் கெடக்கு. அதைப் போயா பாப்பாவ?"

விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 2025 பொங்கலுக்கு முந்தின வாரம் மனுஷன் தானே வந்து அழைத்தார். "லீவுக்கு எங்க ஊருக்கு வாரும். தேரியைக் காட்டுதேன்." பாசம் பொங்குகிறதே என்று விசாரித்தால், உள்ளே ஒரு கோரிக்கை. ஊரில் தேரி அடிவாரத்தில் மூன்று ஏக்கர். பாதி இவர் பங்கு, பாதி பெரியப்பா பங்கு. அதை விற்றால் சங்கரன்கோவிலில் நாலு சென்ட் மனை வாங்கிவிடலாம். பெரியப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "நீரு வெளியாளு. நாலு எழுத்துப் படிச்சவரு. நீரு சொன்னா கேப்பாரு."

ஆக, நான் டூரிஸ்ட் இல்லை... புரோக்கர்!

திருநெல்வேலிக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்செந்தூருக்கு ஒரு பஸ். ஊருக்குப் போகும் முன் முருகனை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு நாழிக்கிணற்றில் இறங்கினோம். பார்த்திருப்பீர்கள். கடலுக்குப் பக்கத்திலேயே, ஒரு பெரிய கிணற்றுக்குள் கையகலத்துக்கு ஒரு குட்டிக் கிணறு. படைவீரர்கள் தாகம் தீர முருகன் வேலால் குத்திய ஊற்று என்பது ஐதீகம். கடற்கரையில் எப்படி உப்புக் கரிக்காமல் தண்ணீர் வரும் என்று நான் வாயைப் பிளக்க, நண்பர், "சாமி விஷயத்துல கேள்வி கேக்கப்படாது" என்று படியேறிவிட்டார்.

பதில் பெரியப்பாவிடம் இருந்தது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கருப்பட்டிக் காபியும் அவித்த பனங்கிழங்கும். எனக்குப் பதனீர் மேல் கண். "அதுக்கு மாசிக்கு மேல வாங்க தம்பி" என்றார் பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர். ஐம்பது வருஷம் பனையேறியவர் என்பதை அவர் நெஞ்சில் இருந்த காய்ப்பே சொன்னது. தோளில் துண்டு, கையில் மண்வெட்டி. "வாங்க, பைய நடப்போம்" என்று கிளம்பினார்.

தேரியை முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள் போல. நானும் அதையே சொன்னேன்: "யப்பா!"

செங்கல்லை இடித்து சலித்து மலையாகக் குவித்த மாதிரி மணல். மேடேறினால் அடுத்த மேடு, அதற்கப்பால் இன்னொரு மேடு. நடுவில் பனைகள், உடை மரங்கள், வனத்துறை வைத்த கொல்லா மரங்கள். கொல்லா மரம் என்றால் முந்திரிதான், பயப்பட வேண்டாம். காற்று மணலில் வரிவரியாகக் கோடு போட்டிருக்கிறது. சினிமாக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவருவதில் ஆச்சரியமே இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டைலாக நாலடி நடந்தேன். ஐந்தாவது அடியில் டான்ஸ்! தை மாசத்துக்கே இந்தச் சூடென்றால் சித்திரையில் தோசை வார்க்கலாம்.

"தடத்தைப் பாத்து வாங்க. ஆடி மாசம்னா காலையில நடந்த தடம் சாயங்காலம் இருக்காது. காத்து அழிச்சிரும்" என்றார் பெரியப்பா.

இந்த மண்ணைக் கொண்டுவந்து சேர்த்ததே அந்தக் காற்றுதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து, உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடற்கரையை ஒட்டிக் குவித்திருக்கிறது. இன்றைக்கு முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் அதே காற்று. நேற்று இன்று நடந்ததில்லை, பல்லாயிரம் வருஷத்து வேலை. சிவப்பு நிறம் இரும்புச் சத்தால் வந்தது. ஒவ்வொரு மணலுக்கும் மேலே துரு பூசியிருக்கிறது, அவ்வளவுதான். 1956ல் ஸாய்னர், ஆல்ச்சின் என்று இரண்டு வெளிநாட்டு அறிஞர்கள், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த கற்காலக் கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கல் ஆயுதங்கள். வேட்டைக்கார மனுஷன் குடும்பத்தோடு இங்கே தங்கியிருக்கிறான்.

குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்திலா தங்கியிருப்பான்?

ஒரு மேட்டின் சரிவில் இறங்கி, பள்ளத்தில் நின்றார் பெரியப்பா. மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். "வெட்டுங்க."

பேனா பிடித்த கை. நாலு வெட்டுக்கு நாற்பது மூச்சு. முழங்கை ஆழம் போனதும் மண் குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம்... ஈரம். அப்புறம் குழியின் ஓரத்தில் வியர்வை மாதிரி துளித்துளியாகக் கசிந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிரங்கை அளவு சேர்ந்துவிட்டது. தெளியவிட்டுக் குடித்தேன். உப்புக்கு அடையாளமே இல்லை!

"கடல் அந்தா இருக்கு. இந்தத் தண்ணி எங்க இருந்து வருதுங்கிய?" என்று பெரியப்பா சிரித்தார். "மானத்துலேர்ந்து விழுறதை இந்த மண்ணு ஒரு சொட்டு ஓடவிடாது. அம்புட்டையும் குடிச்சிட்டு, பைய விடும். 2023ல காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்ஞ்சுதே, ஊரெல்லாம் வெள்ளமா கெடந்துச்சே... தேரி மேல ஏறிப் பாத்தேன். உச்சியில தண்ணி நிக்கலை. உறிஞ்சிட்டுது."

நாழிக்கிணற்றின் கணக்கும் இதுதான். நல்ல தண்ணீர் கடல் நீரைவிட எடை குறைவு. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்பு நீர் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்குமாம். ஹாலந்துக்காரர் ஒருவரும் ஜெர்மன்காரர் ஒருவரும் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்த கணக்கு இது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து மேலே ஒரு அடி இறக்கினால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும்! நம் வீட்டு வட்டிக்கடன் கூட இவ்வளவு வேகமாக ஏறாது.

சாயங்காலம் தருவைக்குப் போனோம். பிரேசில் குளத்துக்கு நம்மூர் ஜோடி இதுதான். தேரிகளுக்கு நடுவே, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கிடக்கும் அகலமான பள்ளத்துக்குத் தருவை என்று பெயர். புத்தன்தருவை, வைரவம் தருவை என்று ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிறையும். கோடையில் வற்றி வெடித்துக் கிடக்கும். ஆழம் குறைச்சல். நாங்கள் போனபோது போன மார்கழிக்கு முந்தின மழைத் தண்ணீர் கிடந்தது. சிவப்புக் கரை, சாம்பல் நிறத் தண்ணீர், ஒற்றைக் காலில் நாரைகள். பிரேசில் மாதிரி நீலம் இல்லைதான். ஆனால் டிக்கெட் காசைக் கணக்குப் பார்த்தால் ரொம்ப அழகு!

"இது நெறைஞ்சாத்தான் சுத்துப்பட்டுக் கெணறெல்லாம் நல்ல தண்ணி. இது காஞ்சா உப்பு ஏறும்" என்றார் பெரியப்பா. தாமிரபரணியில் வீணாகக் கடலுக்குப் போகும் வெள்ளத்தைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாக இந்தப் பக்கம் திருப்பும் கால்வாய் வேலை 2009ல் ஆரம்பித்தது. நாங்கள் போய் வந்த அடுத்த மாதம், 2025 பிப்ரவரியில், திறந்து வைத்தார்கள். 75 கிலோமீட்டர் ஓடி எம்.எல்.தேரியில் முடிகிறது அந்தக் கால்வாய். தண்ணீரைக் கொண்டுபோய் மணலில் கொட்டுவார்களா என்று சிரிக்கிறவர்கள் அந்தக் குழியை ஒரு தடவை வெட்டிப் பார்க்கலாம்.

கரையில் உட்கார்ந்ததும் நண்பர் என் முழங்கையில் இடித்தார். ஆரம்பிக்கச் சொல்கிறாராம். தொண்டையைச் செருமினேன்.

"பெரியப்பா... அந்த நெலம்..."

"விலைக்குக் கேட்டு வந்தாங்க தம்பி. புதுசா இல்ல" என்று அவரே எடுத்துக்கொண்டார். "இந்த மண்ணுல என்னமோ தாது இருக்காம்லா."

இருக்கிறது. இல்மனைட். அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்ஸைடு எடுக்கலாம். வெள்ளை பெயிண்ட்டுக்கு அதுதான் உயிர். சாத்தான்குளம், ராதாபுரம் வட்டாரத்தில் டாட்டா ஸ்டீல் டைட்டானியத் தொழிற்சாலை தொடங்க 2002ல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2007ல் நிலம் எடுப்பதை எதிர்த்து ஊர் ஊராக எழுந்த குரலில் திட்டம் நின்றுபோனது. வேலை கிடைக்கும் என்று ஆதரித்தவர்களும் இருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பனையேற ஆளில்லாமல், பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்விட்ட ஊரில் 'வேலை' என்பது சின்ன வார்த்தையா?

"வேலை வேணும்தான்" என்றார் பெரியப்பா. "ஆனா எங்க செகப்பு மண்ணை அரிச்சி, எவன் வீட்டுச் சொவத்துக்கோ வெள்ளை அடிக்கணுமாம். அரிச்ச மண்ணு மறுபடி தண்ணியைப் பிடிச்சி வைக்குமானு கேட்டேன். ஒருத்தனும் சொல்லலை."

நண்பர் பொறுக்கவில்லை. "பெரியப்பா, இப்ப கேக்கது கம்பெனி இல்ல. தோட்டம் போடத்தான் கேக்காவ."

"ஏல, எத்தனை போர் போடுவான்?"

நண்பரிடம் பதில் இல்லை. பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவுக. சொல்லுங்க தம்பி, வித்துரலாமா?"

வாழ்க்கையில் எத்தனையோ ஃபைலை 'மேல் பரிசீலனைக்கு' என்று எழுதித் தள்ளிவிட்டிருக்கிறேன். இதைத் தள்ள முடியவில்லை. ஒரு பக்கம் வாடகை வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளோடு நண்பர். இன்னொரு பக்கம் என் நகத்தில் ஒட்டிய ஈர மண் இன்னும் காயவில்லை.

"வேண்டாம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன்.

சங்கரன்கோவிலில் புற்றுமண் எடுத்து நெற்றியில் பூசுகிற ஊர்க்காரன் நான். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர்வெட்டு முடிந்ததும், ஜனங்கள் இந்தச் செம்மண்ணைத்தான் மடியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். பெரியப்பாவும் ஒரு காகிதத்தில் கொஞ்சம் பொதிந்து தந்தார். வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரும்பூர் தாண்டியது, பேச்சில்லை. ஆழ்வார்திருநகரி தாண்டியது, பேச்சில்லை. ஆறு மாசமாகக் கூடச் சாப்பிட்ட மனுஷன், நான் நீட்டிய பனங்கிழங்கைக்கூடத் தொடவில்லை. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். செம்மண் கொட்டியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"ஓய்... நாலு சென்ட்டுக்கு பேங்க்ல லோன் எவ்வளவுவே குடுப்பான்?"