நடுங்காத கை: பயந்த பிள்ளைகளுக்கு ஐரிஷ் கதைகளில் ஒரு பாடம்

வீரம் பிறவியிலேயே வரணும், சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பயந்த சுபாவமுள்ள ஒரு பதினைந்து வயசுப் பிள்ளைக்கு இதைவிடக் கெடுதலான நினைப்பு இல்லை. கொஞ்ச நாளாக அயர்லாந்தின் பழைய வீரக் கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் வீரம் என்பது கற்றுக்கொள்கிற பாடம். அதற்கு வாத்தியார் உண்டு, பயிற்சி உண்டு, ஃபெயில் ஆவதும் உண்டு.

இந்தக் கதைகளின் பெரிய நாயகன் கூ ஹுலின். அவனைப் பற்றிய முக்கியக் காவியத்தின் பெயர் டாய்ன். நம்ம வெட்சித் திணை மாதிரி, மாடு கவரப் போய் மூண்ட போர்தான் அதன் கதை. அதில் ஒரு பெரும் படையைத் தனி ஆளாகத் தடுத்து நிற்கும்போது அவனுக்கு வயது 17. ஆனால் அதற்கு முன்னால் அவன் பள்ளிக்கூடம் போன கதை ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது.

எமர் என்ற பெண்ணை மணக்க ஆசைப்படுகிறான். அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லை. "ஆல்பாவுக்குப் போய்ப் போர்க்கலை கத்துக்கோ" என்று தூண்டிவிடுகிறார். ஆல்பா என்பது இன்றைய ஸ்காட்லாந்து. பையன் உயிரோடு திரும்பமாட்டான் என்பது அவர் கணக்கு. அங்கே ஆசிரியை ஒரு பெண், பெயர் ஸ்காஹாக். நிழல் போன்றவள் என்று அர்த்தம். ஸ்கை தீவில் டன்ஸ்காய்க் என்ற இடிந்த கோட்டையை இன்றைக்கும் அவள் கோட்டை என்றே சொல்கிறார்கள். இப்போது நிற்கும் சுவர்கள் கதைக்கு மிகவும் பிந்தியவை, அது வேறு விஷயம்.

அவள் இருக்குமிடத்துக்குப் போக ஒரு பாலம். இரண்டு முனையும் தாழ்ந்து, நடுவில் உயர்ந்திருக்கும். ஒரு முனையில் கால் வைத்தால் மறு முனை எழும்பி, ஆளை மல்லாக்கத் தூக்கிப் போடும். கூ ஹுலின் மூன்று தடவை முயற்சி செய்கிறான், மூன்று தடவையும் முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் கேலி செய்கிறார்கள். நாலாவது தடவை, சால்மன் மீன் துள்ளுவது போல ஒரே தாவலில் பாலத்தின் நடுவில் போய் விழுகிறான், அங்கிருந்து அக்கரை.

யோசித்துப் பாருங்கள். அயர்லாந்தின் மாவீரனுக்குக் கிடைத்த முதல் பாடம், பத்துப் பேர் பார்க்க மல்லாந்து விழுவது! 1882-இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ தொடங்கிய ஜூடோவிலும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். உகேமி என்பார்கள், அடிபடாமல் விழும் முறை. பயந்த பிள்ளை உண்மையில் பயப்படுவது விழுவதற்கும், பிறர் சிரிப்பதற்கும். நூறு தடவை விழுந்து எழுந்த உடம்புக்கு அந்தப் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொரு சாட்சி, ஃபியன்னா என்ற வேட்டுவ வீரர் கூட்டத்தின் நுழைவுத் தேர்வு. 17-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் தன் அயர்லாந்து வரலாற்று நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார். முதலில் கவிதையில் தேர்ச்சி வேண்டும். அப்புறம் இடுப்பளவு குழியில் நிற்கவைத்து, ஒரு கேடயமும் முழங்கை நீளக் குச்சியும் கொடுப்பார்கள். சற்றுத் தள்ளி நின்று ஒன்பது பேர் ஒரே நேரத்தில் ஈட்டி எறிவார்கள். காயம் பட்டால் இடமில்லை. பிறகு தலைமுடியைப் பின்னிவிட்டுக் காட்டுக்குள் துரத்துவார்கள். பின்னல் கலையக் கூடாது, காலடியில் சுள்ளி முறியக் கூடாது, கையிலிருக்கும் ஆயுதம் நடுங்கக் கூடாது.

அந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். 'பயம் இருக்கா?' என்று யாரும் கேட்கவில்லை. கை நடுங்குதா என்றுதான் பார்க்கிறார்கள். மனசுக்குள் என்ன இருக்கிறது என்பது அவன் சொந்த விஷயம். கையைப் பழக்கலாம், அதனால் கைக்குத்தான் தேர்வு.

இதோடு நிறுத்தினால் இது சுயமுன்னேற்றக் கட்டுரை ஆகிவிடும். கதை இங்கே நிற்கவில்லை.

பயிற்சிக் காலத்தில் கூ ஹுலின், ஈஃபா என்ற வீராங்கனையைப் போரில் வெல்கிறான். அவளுக்கு அவனால் ஒரு மகன் பிறக்கப்போகிறான். அந்தப் பிள்ளைக்காக ஒரு மோதிரத்தையும் மூன்று கட்டளைகளையும் விட்டுவிட்டு வருகிறான். யாருக்கும் உன் பெயரைச் சொல்லாதே. யாருக்கும் வழிவிடாதே. யார் சண்டைக்கு அழைத்தாலும் மறுக்காதே. ஏழு வயதில் அந்தப் பையன் கொன்லா அப்பாவைத் தேடிக் கடல் கடந்து வருகிறான். பெயரைக் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான். எமர் தடுக்கிறாள், அது உன் பிள்ளை என்கிறாள். கூ ஹுலின் கேட்கவில்லை. ஸ்காஹாக் தனக்கு மட்டும் கற்றுக்கொடுத்த கே போல்கா என்ற ஈட்டியால் அவனைக் கொல்கிறான். அதே ஆயுதத்தால்தான் டாய்னில், ஒன்றாகப் படித்த நண்பன் ஃபெர்டியாவும் ஓர் ஆற்றுத்துறையில் சாகிறான். லௌத் கவுன்ட்டியில் உள்ள ஆர்டீ ஊரின் பெயருக்கே 'ஃபெர்டியாவின் துறை' என்றுதான் பொருள்.

எப்படித் தாக்குவது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. எப்போது நிறுத்துவது என்பது இல்லை.

என் அக்கா மகள் ஜூடோ வகுப்பில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே கூசுகிற பிள்ளை. எது பிடிச்சிருக்கு என்று கேட்டேன். எறிவதைச் சொல்வாள் என்று நினைத்தேன். "பிடியில மாட்டினா ரெண்டு தட்டு தட்டணும் மாமா. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் உடனே விட்டுடணும்" என்றாள். தட்டினால் விடுவார்கள் என்று தெரிந்த பிறகுதான், தன்னைவிடக் கனமான ஆளோடு பாயில் இறங்க ஒத்துக்கொண்டாளாம்.

கொன்லாவுக்கு அப்பா விட்டுப்போன மூன்று கட்டளைகளுக்கும் நேர் எதிரான விதி அது. பெயர் சொல்லலாம், வழிவிடலாம், போதும் என்று சொல்லலாம். பயந்த பிள்ளைக்குத் தைரியம் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்புகிற பெரியவர்கள் நிறையப் பேர் அந்த மூன்று கட்டளைகளைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பின்வாங்காதே, அழாதே, விட்டுக்கொடுக்காதே! அதன் விலை என்ன என்பதையும் அந்தப் பழைய கதைக்காரர்கள் சேர்த்தே சொல்லிவைத்திருக்கிறார்கள். கூ ஹுலினை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பாலத்தோடு நிறுத்தாமல் கொன்லாவையும் சொல்லுங்கள்.