சர்க்கரைக் குக்கி

சர்க்கரைக் குக்கி என்பது மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றைப் பிசைந்து, அச்சால் வெட்டி, வெதுப்பியில் சுடப்படும் ஒரு வகை இனிப்பு பிஸ்கட் ஆகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள நாசரேத்தில் 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய மொராவியக் கிறித்தவர்களுடன் இதன் தோற்றம் தொடர்புபடுத்தப்படுகிறது. பட்டமளிப்பு விழாக்களுக்குப் பட்டதாரித் தொப்பி, பட்டச்சுருள் வடிவங்களில் இதனைச் செய்வர். தொப்பிக்குத் தனி அச்சு தேவையில்லை. சாய்சதுரமாக வெட்டினாலே போதும்.

மேடவாக்கம் போன்ற சென்னைப் புறநகர்களில் தட்பவெப்பமே முதல் இடையூறு. வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகும். கோடையில் சமையலறையே அவ்வெப்பத்தை எட்டிவிடும். எனவே வெட்டிய மாவைக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்த பின்னரே சுடவேண்டும். இல்லையேல் தொப்பியின் மூலைகள் மழுங்கும்.

மேற்பூச்சு முட்டை வெண்கருவைப் பொடித்த சர்க்கரையுடன் அடித்துச் செய்யப்படுகிறது. இது சுடப்படுவதில்லை, நீர் ஆவியாகியே இறுகுகிறது. ஆகையால் கடலோர ஈரக்காற்றில் ஓர் இரவு கழிந்தும் பிசுபிசுக்கலாம். மின்விசிறியின் கீழ் உலர்த்துவது நன்று.

பச்சை வெண்கருவில் சால்மோனெல்லா நுண்ணுயிரி இருக்கக்கூடும். இத்தகைய அச்சத்தாலேயே தமிழக அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைசை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. அத்தடை மயோனைசுக்கே உரியது எனினும் பச்சை முட்டையின் இடர் இரண்டிற்கும் ஒன்றே. சூடேற்றிப் பதப்படுத்திய வெண்கருப் பொடியை நீரில் கரைத்துப் பயன்படுத்தினால் இவ்விடர் பெரிதும் நீங்கும்.