தண்ணீர்த் தொட்டியும் ரயில்வே சிக்னலும்

மும்பையில் நம்மவர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் மாநகராட்சித் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில்தான் வருகிறது. அது கீழ்த்தொட்டியில் நிரம்ப, பம்பு போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். வாட்ச்மேன் கண்ணயர்ந்தால் மேல்தொட்டி வழியும். கீழ்த்தொட்டி வற்றிய பின்னும் பம்பு ஓடினால் பழுதாகும். இதற்குத் தீர்வாக, ஈதர்நெட் கம்பி வழியே பம்பை இயக்கும் தானியங்கிப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. சொசைட்டி கமிட்டியில் இருக்கும் அன்பர்கள் இதை வாங்குமுன் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில், அங்கு கற்றதை இங்கு பொருத்திச் சொல்கிறேன்.

உள்ளீடு, வெளியீடு

டிஜிட்டல் உள்ளீடு என்பது 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே பதில்களை அறிந்த மின் இணைப்பு. தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட் சுவிட்ச் ஓர் உதாரணம். டிஜிட்டல் வெளியீடு என்பது அதேபோல் 'போடு', 'நிறுத்து' என்ற இரண்டே கட்டளைகளை நிறைவேற்றும் இணைப்பு. பெட்டிக்குள் இருக்கும் சிறிய ரிலே, வெளியே உள்ள கான்டாக்டரை இழுக்கும். கான்டாக்டர் மோட்டாருக்கு மின்சாரம் தரும். சிறிய ரிலேயில் மோட்டாரை நேரடியாக மாட்டக் கூடாது.

பழைய முறையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் மாடியிலிருந்து கீழ்வரை தனிக் கம்பி இழுக்க வேண்டும். ஈதர்நெட்டில் ஒரே கேபிளில் எல்லாச் செய்தியும் போகும். 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர்களை இணைப்பதற்காகப் பிறந்த முறை இது. செப்புக் கம்பியில் ஒரு நீளம் 100 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் இடையில் ஸ்விட்ச் பெட்டியோ கண்ணாடி இழைக் கேபிளோ வேண்டும்.

இந்தக் கம்பியில் பேசப்படும் மொழிகளுள் பரவலானது மோட்பஸ். 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்டது. தலைமைக் கருவி கேட்கும். பெட்டி பதில் சொல்லும். இம்மொழியில் வெளியீட்டுக்குப் பெயர் 'காயில்'. ரிலேயின் கம்பிச்சுருளிலிருந்து வந்த பெயர் என்பதால், எங்களைப் போன்ற ரிலேக்காரர்களுக்கு அது பழகிய சொல்.

மௌனமும் ஒரு செய்தியே

ஆம், இல்லை என்று கம்பியில் சொல்லி அனுப்புவது எளிது. செய்தியே வராதபோது என்ன செய்வது என்பதுதான் கடினம். எலி கேபிளைக் கடிக்கும். மாடியில் மின்சாரம் போகும். ஸ்விட்ச் பெட்டி செயலிழக்கும். அப்போது பம்பு ஓடிக்கொண்டே இருக்குமா, நிற்குமா?

ரயில்வே இதற்கு வெகுகாலம் முன்பே விடை கண்டுவிட்டது. கைகாட்டி சிக்னலின் கம்பி அறுந்தால், எடைக்கட்டை கையைத் தானாக 'நில்' நிலைக்குக் கொண்டுவரும். 1872இல் அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தடமின்சுற்றும் இப்படித்தான். தண்டவாளத்தில் மின்சாரம் ஓடி ரிலே தூக்கி நின்றால் பாதை காலி என்று பொருள். வண்டி வந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். அனுமதி மின்னோட்டமாக இருக்க வேண்டும். மின்னோட்டம் இல்லை என்றால் அது தடை.

தொட்டிக்கும் இதே விதிதான். 'மேல்தொட்டி நிரம்பவில்லை' என்ற நிலையில் ஃப்ளோட் சுவிட்ச் மூடியிருக்கும்படி இணைக்க வேண்டும். கீழ்த்தொட்டியில் 'தண்ணீர் இருக்கிறது' என்றால் மூடியிருக்க வேண்டும். அப்போது எந்தச் சுவிட்சின் கம்பி அறுந்தாலும் பம்பு நிற்கும். மாற்றி இணைத்தால், கம்பி அறுந்த அன்று தொட்டி நிரம்பியதே தெரியாமல் தண்ணீர் இரவெல்லாம் வழியும்.

ஈதர்நெட் கம்பிக்கும் காவல் வேண்டும். நல்ல பெட்டிகளில் 'வாட்ச்டாக்' என்ற நேரக்காவல் உண்டு. பத்து விநாடி என்று வைத்தால், அதற்குள் தலைமைக் கருவியிடமிருந்து செய்தி வராவிட்டால் வெளியீடு குறித்து வைத்த நிலைக்குப் போய்விடும். வாங்கும்போது இது இருக்கிறதா என்று கேளுங்கள். பொருத்திய பின் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் 'நிறுத்து' பாதுகாப்பான நிலை அல்ல. மாடிப்படி விளக்கு, செய்தி நின்றால் எரிவதே நல்லது. தீயணைப்புப் பம்பை இந்தப் பெட்டியில் சேர்க்கவே வேண்டாம். அது தனக்குரிய தனி ஏற்பாட்டில் இருக்கட்டும்.

ஆணை வேறு, நடப்பு வேறு

'பம்பைப் போடு' என்று அனுப்பியதாலேயே பம்பு ஓடுகிறது என்று ஆகாது. பாயின்ட் மோட்டாருக்கு ஆணை கொடுத்த பின், பாயின்ட் உண்மையில் திரும்பிப் பூட்டிக்கொண்டதை வேறு தொடர்புகள் உறுதி செய்தால்தான் சிக்னல் விழும். அவ்வாறே கான்டாக்டரின் துணைத் தொடர்பை ஓர் உள்ளீடாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழாயில் நீரோட்டச் சுவிட்ச் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

உள்ளீடே தவறாகச் சொன்னால் என்ன ஆகும்? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹநாகா பஜார் நிலையத்தில், ஷாலிமாரிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்பாதைக்கான பச்சை விழுந்தது. பாயின்ட்டோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதி 290 பேருக்கு மேல் உயிரிழந்தனர். நம்மவர் ஊருக்குப் போய் வரும் வண்டி அது. முன்பு சிக்னல் சுற்றில் செய்த மாற்றத்திலும், லெவல் கிராஸிங் தடுப்பு மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. கம்பியைத் தொட்டால், களத்தில் உள்ள பொருளையும் திரையில் தெரிவதையும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்காமல் வேலையை முடித்ததாகச் சொல்லக் கூடாது. சொசைட்டி எலக்ட்ரீஷியன் ஒரே ஒரு கம்பியை மாற்றினாலும், ஃப்ளோட்டைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. சாதாரண மோட்பஸில் கடவுச்சொல் கிடையாது. கம்பியைத் தொட முடிந்தவர் யாரும் பம்பைப் போடலாம், நிறுத்தலாம். ஆகவே இந்த இணைப்பை இன்டர்நெட்டோடு நேரடியாகச் சேர்க்காதீர்கள். வீட்டு வைஃபையோடும் கலக்காதீர்கள். கையால் இயக்கும் சுவிட்ச் ஒன்று பம்பு அறையில் கட்டாயம் இருக்கட்டும். பெட்டி பழுதான நாளிலும் எல்லார் வீட்டுக்கும் தண்ணீர் ஏற வேண்டும் அல்லவா?