வீதி விழாவும் வீட்டுப் பண்டிகையும்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறுவோர் தம் பெட்டி படுக்கையோடு பண்டிகைகளையும் எடுத்துச் செல்கின்றனர். சென்ற இடத்தில் அவற்றை முன்பு இருந்தவாறே காப்பதா, அன்றி அவ்விடத்துக்கு ஏற்பப் புதிய விழாக்களை அமைத்துக் கொள்வதா என்னும் வினா அவர்களுக்கு எழாமற் போகாது. புனே நகரில் வாழும் தமிழராகிய நாம் இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் நாள்தோறும் நடக்கும் வீதிகளின் வரலாறே நமக்கு வழிகாட்டும்.

புனேயின் கணேசோற்சவம் தொன்றுதொட்டு இன்றுள்ள வடிவிலேயே நடந்து வருகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பேஷ்வாக்கள் காலத்தில் அரச ஆதரவோடு சிறந்து விளங்கிய அவ்வழிபாடு, அவர்கள் ஆட்சி 1818-இல் முடிந்தபின் பெரும்பாலும் இல்லங்களுக்குள் ஒடுங்கிற்று. 1892-இல் பாவுசாகேப் ரங்காரி முதலியோர் பிள்ளையாரைப் பொது இடத்தில் எழுந்தருளச் செய்தனர். அடுத்த ஆண்டு லோகமான்ய திலகர் தமது 'கேசரி' இதழில் அம்முயற்சியைப் பாராட்டி எழுதினார். 1894 முதல் அது ஊர் விழாவாகப் பரவிற்று. அந்நிய ஆட்சியின்கீழ்ப் பல சாதியாரும் ஓரிடத்தில் கூடவும், நாட்டுப்பற்றை ஊட்டும் பாட்டும் சொற்பொழிவும் கேட்கவும் அவ்விழா இடந்தந்தது.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. வீதிக்கு வந்த பிள்ளையார் வீட்டுப் பிள்ளையாரை வெளியேற்றவில்லை. அனந்த சதுர்த்தசியன்று கஸ்பா கணபதி முதலிய ஐந்து கணபதிகள் முன்செல்லப் பேரூர்வலம் புறப்படுகிறது. அதற்குப் பல நாள் முன்னரே, எத்தனையோ இல்லங்களில் ஒன்றரை நாள் பூசையை முடித்துச் சிறு மண் உருவை நீரில் கரைத்து விடுகின்றனர். அரிசி மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்து அவ்வீடுகளில் ஆவியில் வேகவைக்கும் மோதகம் நம் கொழுக்கட்டைக்கு உடன்பிறப்பே அன்றோ!

கடல் கடந்த தமிழரும் இவ்வாறே செய்தனர். மலேசியாவின் பத்துமலைக் குகைக் கோயிலில் தைப்பூசம் தொடங்கியதும் அதே 1892-ஆம் ஆண்டில்தான் என்பர். பழனி மலையை எட்ட இயலாதவர்கள் தாம் வாழும் மண்ணிலேயே ஒரு குன்றைக் கண்டனர். இடம் புதிது. ஆயினும் விரதமும் காவடியும் பால்குடமும் பழையவை. அந்நாட்டின் சில மாநிலங்களில் தைப்பூசம் பொது விடுமுறையாகிப் பல காலம் சென்ற பின்னரே, 2021-இல், தமிழ்நாட்டில் அதற்கு அரசு விடுமுறை வந்தது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். தை முதல் நாள் வேலை நாளாக அமைந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏதேனும் ஓர் அரங்கில் பொங்கல் விழா நடத்துகிறோம். இது குறையன்று. சிதறிக் கிடக்கும் நாம் ஒன்றுகூட அதுவே வழி. ஆனால் பல இடங்களில் மாறுவேடப் போட்டியும் பரிசளிப்பும் உண்டு, பானை மட்டும் இல்லை. முன்னாளில் குழந்தை அடுப்பருகே நின்று 'பொங்கலோ பொங்கல்' எனக் கூவிற்று. இன்று நாற்காலியில் அமர்ந்து கைதட்டுகிறது. தன் கையால் செய்து பழகாத பண்டிகையை அக்குழந்தை வளர்ந்தபின் தன் மக்களுக்கு எங்ஙனம் கற்பிக்கும்?

ஆதலின் ஞாயிறு விழாவை விட வேண்டா. அதற்காகத் தை முதல் நாளையும் விட வேண்டா. முற்றமில்லாத அடுக்குமாடி வீட்டில் எரிவாயு அடுப்பே போதும். மஞ்சட்கொத்து கிடைக்காவிடில் பானையின் கழுத்தில் ஒரு மஞ்சட்கிழங்கைக் கட்டலாம். அலுவலகம் செல்லுமுன் அரை மணி நேரத்தில் பால் பொங்கிவிடும். கார்த்திகைக்கு வாயிற்படியில் இரண்டு அகல்கள் போதும், அவற்றைக் குழந்தையே ஏற்றட்டும்.

சங்கராந்தியன்று மராத்தி அண்டை வீட்டார் எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டையை நமக்குத் தந்து, இனிய சொல் பேசுமாறு வேண்டுவர். நாம் திருப்பித் தரும் கிண்ணத்தில் நம் வீட்டு அடுப்பில் பொங்கிய சர்க்கரைப் பொங்கல் இருக்குமாயின், நம் பண்டிகை இம்மண்ணிலும் வேரூன்றிவிட்டது என்று நாம் மகிழலாம்.