மருந்து கொடுத்தும் போகாத பூனையின் நாடாப்புழு

விதை நெல் சேமிப்பைப் பற்றிப் பேசுவதற்காகத் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு மூதாட்டி என்னைத் தனியே அழைத்து, "நெல்லைக் காக்கச் சொன்னீங்க தம்பி, அந்த நெல்லைக் காக்கிற பூனைக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். மூன்று தடவை மருந்து கொடுத்தும், பூனை படுத்து எழுந்த இடத்தில் நொய்யரிசி போல ஏதோ நெளிகிறதாம். பேரனோ அந்தப் பூனையோடுதான் தூங்குகிறான். அதைச் சாக்கில் கட்டி அக்கரையில் விட்டுவிட வேண்டும் என்று மருமகள் பிடிவாதமாக இருக்கிறார். நான் பயிர் பார்க்கிறவன். ஆகவே கால்நடை மருத்துவரான நண்பரைக் கலந்துகொண்டே அவருக்குப் பதில் சொன்னேன்.

நொய் போலத் தெரிவது நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் துண்டு. ஈரமாக இருக்கும்போது வெள்ளரி விதை போல இருந்து நெளியும். காய்ந்தால் எள் போலச் சுருங்கும். ஒவ்வொரு துண்டிலும் முட்டைகள் நிறைந்திருக்கும்.

அந்த வீட்டில் கொடுத்தது என்ன மருந்து என்று விசாரித்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையில் பாதி! இது பூனையின் எலும்பு மச்சையைப் பாதித்து இரத்த உற்பத்தியைக் கெடுக்கக்கூடியது; இந்த நாடாப்புழுவுக்கும் ஏற்றதல்ல. இதற்கு உரியது 1970-களில் கண்டுபிடிக்கப்பட்ட பிராசிகுவான்டல். பூனையின் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் கொடுப்பது வழக்கம். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்தால் எடை தெரிந்துவிடும். அதைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் மாத்திரை பெறலாம். மாத்திரை கசக்கும். பூனை நுரை தள்ளித் துப்பிவிடும். மீன் துண்டுக்குள் மறைத்துக் கொடுப்பது நல்லது. செத்த புழு குடலிலேயே கரைந்துவிடுவதால் மலத்தில் புழு விழவில்லையே என்று மறுபடி மருந்து கொடுக்கக் கூடாது.

இனிதான் முக்கியமான விஷயம். இம்மருந்து இருக்கிற புழுவைக் கொல்லுமே தவிர, நாளை வரும் புழுவைத் தடுக்காது. புழுவின் முட்டையைத் தின்பது தெள்ளுப்பூச்சியின் இளம்புழு. அது வளர்ந்து தெள்ளாகிப் பூனையைக் கடிக்கிறது. பூனை உடம்பை நக்கும்போது தெள்ளும் வயிற்றுக்குள் போய்விடுகிறது. சுமார் 3 வாரத்தில் மீண்டும் நொய் விழத் தொடங்கும். ஆகவே மருந்து கொடுத்த சில நாட்களிலேயே துண்டுகள் தெரிந்தால், மாத்திரையைத் துப்பியிருக்கலாம் அல்லது அளவு குறைந்திருக்கலாம். 3, 4 வாரம் கழித்துத் தெரிந்தால் மருந்தின்மேல் குற்றமில்லை. தெள்ளு ஒழியவில்லை என்று பொருள்.

பூனையை நெருக்கமான பல் சீப்பால் சீவி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். பூனைக்கென்று விற்கும் பிப்ரோனில் சொட்டு மருந்தைப் பிடரியில், நக்க எட்டாத இடத்தில், மாதம் ஒருமுறை விட வேண்டும். குட்டிகளாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் இடாதீர்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவழைத்துக் கொன்றுவிடும்.

தெள்ளின் பெரும்பகுதி பூனைமேல் இல்லை, தரையில் இருக்கிறது. கூட்டுப்புழு தன் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். மருந்து அதை எட்டுவதில்லை. பூனை படுக்கும் பழஞ்சாக்கை எரித்துவிடலாம். துணியாக இருந்தால் வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். மூட்டை அடுக்கின் இடுக்குகளைக் கூட்டிக் குப்பையை எரியுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பாதியில் நிறுத்துகிறவர்களே அதிகம்.

எலியின் ஈரலில் வெண்கட்டியாகத் தங்கும் இன்னொரு நாடாப்புழுவும் உண்டு. அதன் துண்டுகள் சற்றுப் பெரியவை. மருந்து அதேதான், ஆனால் வேட்டையாடும் பூனைக்கு அது திரும்பத் திரும்ப வரும். எத்தனை மாதத்திற்கு ஒருமுறை மருந்து என்பதை மருத்துவர் சொல்வார். எலிக்குப் புரோமடியலோன் வைக்கும் வீட்டில், விஷம் தின்ற எலியைத் தின்று பூனையே மாண்டுபோகக்கூடும். அங்கே தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதே மேல்.

பேரனைப் பற்றியும் அந்த அம்மாள் கேட்டார். நெளியும் துண்டைத் தொட்டதால் பிள்ளைக்கு இப்புழு வராது. தெள்ளை விழுங்கினால்தான் வரும். வந்தாலும் அதே மருந்தில், மனித மருத்துவர் தரும் அளவில், குணமாகும். தெள்ளு ஒழியும்வரை மட்டும் பூனை திண்ணையில் படுக்கட்டும் என்றேன். மருமகள் அதற்கு ஒப்புக்கொண்டார்.