ஒரு ஞாயிறு, மூன்று படம்
புசா ரோட்டிலிருந்து திரைப்பட விழாவுக்கு

காலை எட்டு மணி. புசா ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை அமைதி. கரோல்பாக் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டருகே எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார் மெஸ் அண்ணாச்சி. சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு துணிப்பை. பையில் என்ன என்று கேட்டேன்.

“தயிர் சாதம், நார்த்தங்காய். மூணு படம்னு சொன்னீங்கல்லா தம்பி?” என்றார்.

அண்ணாச்சி டில்லிக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வட்டாரத்தில் அவர் கையால் சாப்பிடாத தமிழ்க் குமாஸ்தா அநேகமாக இல்லை. மெஸ்ஸுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் விடுமுறை. ரயில்வே குமாஸ்தாவான எனக்கும் அன்று வார ஓய்வு அமைந்தது. தெற்கு டில்லியில் ஒரு திரைப்பட விழா நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பழைய படங்களாக மூன்று. அனுமதி இலவசம். இருவர் பெயரையும் என் கைப்பேசியிலேயே பதிவு செய்திருந்தேன்.

விழா என்றால் பெரிய மனிதர்கள் விவகாரம், நமக்கென்ன வேலை என்ற எண்ணம் நம்மவர்களிடையே உண்டு. எனக்கும் இருந்தது. அது பாதி சரி, பாதி தவறு என்பதை அன்றைய தினம் காட்டிக் கொடுத்தது.

டில்லியும் விழாவும்

நம் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952-ல் நடந்தது. ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய அந்த விழா, பிறகு டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களுக்கும் வந்தது. இத்தாலியப் படமான ‘சைக்கிள் திருடர்கள்’, ஜப்பானியப் படமான ‘ரஷோமான்’ போன்றவற்றை நம் மக்கள் அப்போதுதான் திரையில் கண்டார்கள். 1961-ல் இரண்டாவது விழா டில்லியில் நடந்தது. 1965-ல் டில்லியில் நடந்த மூன்றாவது விழாவில்தான் முதன்முதலாகப் போட்டிப் பிரிவு வைத்தார்கள். நடுவர் குழுவுக்குத் தலைவர் சத்யஜித் ரே. தங்க மயில் பரிசை வென்ற படம் இலங்கையின் ‘கம்பெரலிய’. இயக்கியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ்.

1977-ல் டில்லி விழாவுக்கு ஜப்பானின் அகிரா குரோசாவாவும் இத்தாலியின் அந்தோனியோனியும் வந்திருந்தார்கள். ரேயும் அவர்கள் இருவரும் தாஜ்மகாலில் ஒன்றாக இருக்கும் புகைப்படம் இன்றும் பிரசித்தம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய சிரி ஃபோர்ட் அரங்கம், 1983 முதல் டில்லியில் நடந்த சர்வதேச விழாக்களின் இடமாயிற்று. 2004-ல் அந்த விழா கோவாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இருந்தாலும் தலைநகரில் சிறிதும் பெரிதுமாக விழாக்கள் நின்றுபோகவில்லை. லோதி சாலையில் உள்ள இந்தியா ஹேபிடட் சென்டரில் பல ஆண்டுகளாக மே மாதத்தில் இந்திய மொழிப் படங்களின் விழா நடந்து வருகிறது. நாம் விசாரித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

கியூவில் எல்லோரும் ஒன்று

ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறி, இறங்கி நடந்து, அரங்கை அடைந்தபோது மணி ஒன்பதே கால். படம் பத்தரைக்கு. எங்களுக்கு முன்னால் ஏற்கனவே அறுபது எழுபது பேர் நின்றார்கள். ஜோல்னாப் பை மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், கையில் பின்னல் ஊசியுடன் ஒரு வங்காளி அம்மாள். பதிவு செய்திருந்தாலும் இடம் நிச்சயமில்லை. முதலில் வந்தவர்களுக்கே இடம். செயலாளர் அந்தஸ்தில் இருந்த ஒருவர் எங்கள் பின்னால் நின்றார் என்பதைக் கியூவில் பேச்சுவாக்கில் அறிந்தோம். அண்ணாச்சிக்கு அதில் ஒரு தனித் திருப்தி.

வாசலில் சோதனை. தின்பண்டம் உள்ளே போகக்கூடாதாம். துணிப்பையைக் காவலாளியிடம் ஒப்படைத்தோம். அவர் பீகார்க்காரர். “கெட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன், எனக்கும் ஒரு கவளம்” என்று இந்தியில் சிரித்தார்.

விழாவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஒரு படம் முடிந்ததும் அரங்கைக் காலி செய்துவிடுவார்கள். அடுத்த படத்துக்கு மறுபடியும் கியூவின் வால். ஆகவே சாப்பாடா, ஸீட்டா என்பது ஒவ்வொரு இடைவேளையிலும் எழும் பிரச்னை. பழக்கப்பட்டவர்கள் இருவர் இருவராக வருகிறார்கள். ஒருவர் நிற்க, ஒருவர் சாப்பிட்டு வரலாம்.

எலிப்பொறியும் சைக்கிளும்

முதல் படம் அடூர் கோபாலகிருஷ்ணன் 1981-ல் எடுத்த ‘எலிப்பத்தாயம்’. பழைய நாயர் குடும்பம் ஒன்று; வீட்டுத் தலைவன் உண்ணி. தன் வேலை எதையும் தானே செய்யத் தெரியாதவன். கூடப் பிறந்த ராஜம்மா உழைத்து உழைத்து ஓய்ந்துபோகிறாள். பொறியில் அகப்பட்ட எலியைக் குளத்தில் அமுக்குவதைப் படம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. கடைசியில் உண்ணியே அந்த எலி. 1982-ல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட்டின் சதர்லாண்ட் பரிசு இதற்குக் கிடைத்தது.

அண்ணாச்சிக்கு ஊர் செங்கோட்டைப் பக்கம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பூமி. மலையாளம் அவருக்கு முக்காலும் புரிகிறது. நான் ஆங்கில எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் அவர் சிரித்துவிடுகிறார். “எங்க மாமா ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான். கொடையை எடுத்துக் குடுக்கக்கூட ஆள் வேணும்” என்றார் வெளியே வரும்போது.

மதியம் காவலாளியோடு பங்கிட்டுக்கொண்டோம். நான் கியூவில் நிற்க அண்ணாச்சி சாப்பிட்டார்; அவர் நிற்க நான் சாப்பிட்டேன். நார்த்தங்காயில் பாதி பீகாருக்குப் போயிற்று.

இரண்டு மணிக்கு விட்டோரியோ தெ சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’. 1948-ல் எடுத்த படம். யுத்தம் முடிந்த ரோம் நகரம். எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். அந்தோனியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சொந்தமாகச் சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். முதல் நாளே அது திருட்டுப் போகிறது. அப்பனும் சிறுவனும் நகரம் முழுக்கத் தேடுகிறார்கள். அந்தோனியோவாக நடித்தவர் நடிகர் அல்ல, நிஜமான தொழிற்சாலைத் தொழிலாளி.

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாயிற்று. பேச்சு இத்தாலி மொழி. கீழே ஓடுவது ஆங்கிலம். அண்ணாச்சி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலம் எழுத்துக் கூட்டத் தெரியும், படம் ஓடும் வேகத்துக்கு வராது. “என்ன சொல்லுதான் தம்பி?” என்று அவர் கேட்க, நான் காதோடு காதாகச் சொல்ல, முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி “உஷ்” என்றார். இன்னும் தணித்துச் சொன்னேன். மறுபடியும் “உஷ்”. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரும் ஒரு மணி நேரம் நின்று இடம் பிடித்தவர்தானே. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணாச்சி பிறகு எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அந்தோனியோ தானே ஒரு சைக்கிளைத் திருடப் போய்ப் பிடிபட்டு, மகன் பார்க்க அறை வாங்குகிறான். சிறுவன் அழுதுகொண்டே வந்து அப்பன் கையைப் பிடித்துக்கொள்கிறான். அந்த இடத்தில் பேச்சே தேவைப்படவில்லை. அண்ணாச்சி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதன்முதலில் டில்லிக்கு வந்தபோது சைக்கிளில் சாப்பாட்டுக் கேரியர் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். இது எனக்குத் தெரியும்.

ஆனால் விழா பெரிய மனிதர்களுடையது என்பதில் பாதி உண்மை எங்கே இருக்கிறது என்பது அப்போது விளங்கிற்று. வாசலில் காசு கேட்பதில்லை. உள்ளே இங்கிலீஷ் கேட்கிறார்கள். 1980-களில் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷன் மாநில மொழிப் படங்களைக் காட்டியபோதும் ஆங்கில எழுத்துகளைத்தான் போட்டது. படத்தின் கதையைப் பத்து வரியில் இந்தியிலும் பிற மொழிகளிலும் அச்சடித்து வாசலில் ஒட்டினால்கூடப் போதும். சமையற்காரரும் காவலாளியும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

திரையில் ஒரு வீடு

ஐந்தரைக்குத் தமிழ்ப் படம்: பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988-ல் வெளியானது. 35-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம். கதாநாயகி அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது. பாடல் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். ஆபீஸில் வேலை பார்க்கும் சுதா, தங்கையையும் தாத்தாவையும் வைத்துக் காப்பாற்றுகிறவள். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிவர, கடன் வாங்கிச் சொந்த வீடு கட்ட ஆரம்பிக்கிறாள். லஞ்சம், காண்டிராக்டர், சிமெண்ட் திருட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. தாத்தாவாக வருபவர் பழைய நாடக நடிகர் சொக்கலிங்க பாகவதர்.

எங்கள் பக்கத்தில் பழைய ராஜேந்திர நகரைச் சேர்ந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர் அமர்ந்திருந்தார். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் எழுத்து அவர் கண்ணுக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. காண்டிராக்டரைச் சித்தாள் மங்கம்மா எதிர்த்துப் பேசும் இடத்தில், “அந்த அம்மாள் என்ன சொல்கிறாள்?” என்று அண்ணாச்சியிடம் இந்தியில் கேட்டார். அண்ணாச்சி தம் சமையற்கட்டு இந்தியில் சொன்னார். அதன் பிறகு படம் முழுக்கச் சொன்னார். அவருக்கும் முன் வரிசையிலிருந்து ஒரு “உஷ்” கிடைத்தது. குரலைத் தணித்துக்கொண்டாரே தவிர நிறுத்தவில்லை.

ஒரே ஒரு இடத்தில் தானாக நின்றுவிட்டார். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார். முடிந்த வீட்டில் குடியிருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பெரியவர் ஏதோ கேட்டார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பெரியவரும் மறுபடி கேட்கவில்லை.

விளக்குப் போட்டதும் பெரியவர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, தேசப் பிரிவினைக்குப் பின் தம் தகப்பனார் ஒற்றை அறையில் ஆரம்பித்துக் கட்டிய வீட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு நாள் வரச் சொல்லி அடையாளமும் சொன்னார். எங்கள் மெஸ்ஸிலிருந்து நடக்கிற தூரம்தான்.

லிண்டல் மட்டம்

திரும்பும்போது மெட்ரோவில் கூட்டம். ராஜீவ் சௌக் வரும்வரை அண்ணாச்சி வாய் திறக்கவில்லை. நீலத் தடத்து வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் சொன்னார்.

“ஊர்ல நம்ம வீடு லிண்டல் மட்டத்துல நிக்குது தம்பி. மூணு வருசமாச்சு. அம்மா தங்கச்சி வீட்டுல இருக்காவ. எம்பது வயசு. மேல் தளம் போட்டு, வெள்ளையடிச்சு, பொறவு கூட்டிட்டு வந்து காட்டணும்னு இருந்தேன்.”

நான் என்ன சொல்வது? நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு ஊரில் இப்படி ஒரு வீடு நிற்கிறதோ. மாதா மாதம் மணியார்டர் போன காலம் போய் இப்போது கைப்பேசியில் பணம் போகிறது. சுவர் மட்டும் அதே மெதுவாகத்தான் எழும்புகிறது. மகள் கல்யாணம் வந்தால் ஓராண்டு நிற்கும். சிமெண்ட் விலை ஏறினால் இன்னோர் ஆண்டு. முடிந்த பிறகு காட்டலாம் என்று தள்ளிப்போடுகிறோம். பார்க்க வேண்டியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

“திருக்குறள்ல பங்குனிக்கு டிக்கெட் கெடைக்குமா?” என்றார்.

ராஜேந்திர நகர்ப் பெரியவர் வீட்டுக்குப் போனாரா என்று நீங்கள் கேட்கலாம். போனார், முறுக்கு எடுத்துக்கொண்டு. மறு மாத விடுமுறை ஞாயிற்றில் வேறொரு விழா இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இம்முறை பெரியவரும் வருகிறாராம்.

டிக்கெட்டை நானே போட்டுக் கொடுத்தேன். நிஜாமுதீனிலிருந்து மதுரை வரை ஸ்லீப்பர். அங்கிருந்து செங்கோட்டை வண்டி. வெயிட்டிங் லிஸ்ட் 23. அம்மாவை அழைத்துவரத் தங்கை வீட்டுக்குப் போன் பண்ணியாயிற்று. தளம் போடாத வீட்டைத்தான் காட்டப் போகிறார்.