குற்ற எண் இல்லாமல் வெள்ளைக் கோடு வராது

திங்கட்கிழமை காலை எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும், மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்திருக்கும் மனுக்களில் சாலையைப் பற்றியது ஒன்றாவது இருக்கும். 'எங்கள் ஊர் வளைவில் அடிக்கடி விபத்து நடக்கிறது. பல உயிர்கள் போய்விட்டன. உடனடியாக வேகத்தடை அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே ஊரே போட்ட கையெழுத்து, நாலைந்து கைநாட்டு. மனுவுக்கு எண் கொடுப்பார்கள், அது சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும், 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். பெரும்பாலான மனுக்களின் கதை அதோடு முடிந்துவிடும்.

பணம் இல்லாததால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், விபத்தில் நொறுங்கி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2017 நவம்பர் 30 அன்று வந்த தீர்ப்பு, ஒவ்வொரு மாநிலத்திலும் சாலைப் பாதுகாப்பு நிதி இருக்க வேண்டும், வசூலாகும் அபராதத்தில் ஒரு பகுதி அதில் சேர வேண்டும், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும் என்றது. ஹெல்மெட் போடாமல் நாம் கட்டும் அபராதத்துக்கும் வளைவில் வைக்க வேண்டிய எச்சரிக்கைப் பலகைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. 2022-ல் உலக வங்கியும் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் சாலைப் பாதுகாப்புக்கென 25 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

அப்படியானால் அந்த ஊர் மனு ஏன் நகரவில்லை? 'அடிக்கடி', 'பல' என்ற இரண்டு சொற்களை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. எந்தத் தணிக்கையாளரிடமும் பதில் சொல்ல முடியாது. அரசுக்குத் தேவை எண்ணிக்கை. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015-ல் வகுத்த கணக்கு இது: சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று காலண்டர் ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் 'பிளாக் ஸ்பாட்', நம் பத்திரிகைகள் எழுதும் 'கரும்புள்ளி'. பட்டியலில் ஏறிய இடத்துக்குப் பணம் கேட்பது எளிது. ஏறாத இடத்துக்குக் கேட்பவர் கூடுதலாக வாதாட வேண்டும்.

ஐந்து விபத்து நடந்தது என்று ஊருக்குத் தெரிந்தால் போதாது, ஸ்டேஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு விபத்துக்கும் முதல் தகவல் அறிக்கை, குற்ற எண், தேதி, இடம், பிரிவு வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முந்தைய மரண விபத்து என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ. அதற்குப் பிந்தையது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. இரண்டையும் சேர்த்துத் தேடாவிட்டால் மூன்றாண்டுக் கணக்கு பாதியில் அறுந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'இந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து இந்தக் கல் வரை, இந்த மூன்று ஆண்டுகளில் பதிவான விபத்து வழக்குகள்' என்று கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். அந்த ஒரு தாளை இணைத்த மனு, ஐம்பது கையெழுத்து போட்ட மனுவைவிட வெகு தூரம் போகும்.

சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் பாதி விபத்து ஸ்டேஷன் படியேறுவதே இல்லை. 'நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்ணே, கேஸு கீஸுன்னு அலைய முடியாது' என்று டீக்கடை பெஞ்சிலேயே தீர்ந்துவிடுகிறது. பைக்கில் போனவர் பள்ளத்தில் தானாக விழுந்து கையை முறித்துக்கொண்டால் யார் மேல் புகார் கொடுப்பார்? 2022-ல் நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் என்பதை நினைத்தால், இந்தப் பதிவாகாத விழுதல்கள் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பேசி முடித்த ஒவ்வொரு விபத்தும் அந்த இடத்தின் கணக்கில் ஒன்றைக் கழிக்கிறது. சாலையே இரண்டு காவல் நிலையங்களின் எல்லையாக இருந்தால் இன்னொரு கூத்து: இங்கே மூன்று, அங்கே இரண்டு. சேர்த்துப் பார்க்க யாராவது உட்கார்ந்தால்தான் ஐந்து.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சென்னை ஐஐடி ஒரு செயலியை உருவாக்கியது. ஐராட் என்று தொடங்கி இப்போது இ-டார் என்கிறார்கள். காவலர் விபத்து நடந்த இடத்திலிருந்தே படமும் அட்சரேகை, தீர்க்கரேகையும் ஏற்ற வேண்டும். நெடுஞ்சாலைப் பொறியாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், மருத்துவமனை எல்லோரும் அவரவர் பங்கைச் சேர்க்க வேண்டும். 2021-ல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 'முருகன் கோயில் அருகே' என்று எழுதிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். நம் நெடுஞ்சாலைகளில் முருகன் கோயில்களுக்குப் பஞ்சமா என்ன!

அடுத்தது, சாலை யாருடையது என்ற கேள்வி. தேசிய நெடுஞ்சாலை என்றாலும் ஒரு பகுதி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் இருக்கும், இன்னொரு பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவிடம் இருக்கும். பிறகு மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை, மாநகராட்சிச் சாலை. பார்க்க எல்லாம் ஒரே தார்தான். ஆனால் ஒரு நாற்சந்தியில் ஒன்றியச் சாலை நெடுஞ்சாலையைத் தொடுகிறது என்றால், விபத்து நெடுஞ்சாலையில் நடக்கும், காரணமான புதர் ஒன்றியத்தின் பக்கம் இருக்கும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு திரும்பி வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும்.

எதைக் கேட்கிறோம் என்பதிலும் ஊர் சறுக்குகிறது. எல்லோரும் கேட்பது வேகத்தடை. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது அமைச்சகத்தின் நிலைப்பாடு. கேட்ட உடனே மறுக்க அதிகாரிக்குச் சுலபமான காரணம் கிடைத்துவிடுகிறது. மற்ற சாலைகளிலும், சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது, வண்டியை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்க வைப்பது. ஊர் இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் சிமென்ட் மேடு, முதுகை உடைப்பதோடு புதிதாக விபத்தையும் கூட்டும். 'இந்த இடத்தில் இருட்டில் வளைவு தெரியவில்லை', 'மீடியனை உடைத்து யாரோ வழி செய்திருக்கிறார்கள்', 'பள்ளி விட்டதும் பிள்ளைகள் நடக்க இடமில்லை' என்று நோயைச் சொல்லிவிட்டு மருந்தைப் பொறியாளரிடம் விடுவது மேல். வெள்ளைக் கோடு, ஒளிரும் பட்டை, எச்சரிக்கைப் பலகை, அனுமதியில்லாத மீடியன் திறப்பை மூடுவது போன்றவை குறுகிய கால வேலைகள், விரைவில் நடக்கும். மேம்பாலமும் சுரங்கப்பாதையும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இரண்டையும் ஒரே மனுவில் போட்டால் சின்னது பெரியதோடு சேர்ந்து மூழ்கும்.

இதெல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம், ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, சுகாதாரம், உள்ளாட்சி எல்லாரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. அங்கே ஒரு தீர்மானம் ஏறினால் கூட்டாய்வு, மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல் என்று கோப்பு நகரும். குடிமகன் நேரடியாக நிதி கேட்க முடியாது, துறைதான் கேட்கும். துறையைக் கேட்க வைக்கும் தாள் மட்டுமே நம் கையில். கிராம சபைத் தீர்மானத்தின் நகல் அதற்கு நல்ல துணை. சின்ன வேலைகளுக்கு வேறு கதவுகளும் உண்டு: ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, 5 கோடி நாடாளுமன்ற உறுப்பினர் நிதி, ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே'. உயர்கோபுர விளக்குகள் இந்த வழியில்தான் ஊர் ஊராக முளைத்தன. விளக்கு வேண்டிய இடத்தில்தான் முளைத்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது.

வேறு நாடுகளில் ஊரே நேராகக் கேட்க வழி உண்டு. அமெரிக்காவில் 2021-ல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம், சாலைப் பாதுகாப்புக்கென ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் மாநில அரசுகள் விண்ணப்பிக்க முடியாது. நகரங்களும் கவுண்டிகளும் பழங்குடி அரசுகளும் நேராக வாஷிங்டனிடம் கேட்கலாம். கட்டுமானப் பணம் வேண்டுமானால் முதலில் செயல்திட்டம் இருக்க வேண்டும். அந்தச் செயல்திட்டத்தை எழுதுவதற்கே தனியாக மானியம் உண்டு. செலவில் ஐந்தில் ஒரு பங்கை உள்ளூர் போட வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, எழுதத் தெரியாத ஊரும் தோற்றுவிடக் கூடாது என்ற எண்ணம். ஆஸ்திரேலியாவின் பிளாக் ஸ்பாட் திட்டத்தில் சாலையோரம் குடியிருப்பவரே ஓர் இடத்தைப் பரிந்துரைக்கலாம். நம்மிடம் திட்டம் எழுதப் பணம் தரும் பழக்கம் இல்லை. ஆகவே ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரோ வழக்கறிஞரோ இருக்கும் ஊருக்குப் பலகை வருகிறது, பக்கத்து ஊருக்கு வருவதில்லை.

பிளாக் ஸ்பாட் கணக்கிலேயே ஒரு கொடுமை இருக்கிறது. நாலு விபத்தில் நாலு பேர் கால் இழந்த வளைவு இன்னும் தகுதி பெறவில்லை. ஐந்தாவது விபத்துக்காகக் காத்திருக்கிறது. சாலை திறக்கும் முன்பே பாதுகாப்புத் தணிக்கை செய்து பிழையைப் பிடிப்பதே நியாயம். தவறான வடிவமைப்பால் மரணம் நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 198-ஏ பிரிவில் சொல்கிறது. ஒரு உயிருக்கு ஒரு லட்சம், அதுவும் 'வரை'. நாலுவழிச் சாலை ஒப்பந்தத்தின் மதிப்போடு வைத்துப் பார்த்தால் இது டீச் செலவு.

கேட்கப் போகிறவர்கள் இரண்டு காரியங்களை மறக்க வேண்டாம். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. பிப்ரவரியில் கொடுத்த மனு அடுத்த பட்ஜெட்டின் வாசலில் நிற்கும், ஆடியிலேயே தொடங்குவது நல்லது. இரண்டாவது பராமரிப்பு. வெள்ளைக் கோடு தேயும், சோலார் பிளிங்கரின் பேட்டரி செத்துப்போகும் அல்லது களவு போகும், பலகையைக் கருவேலம் மூடும். போட்டுக்கொடுத்த நிதியில் இவற்றுக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. யார், எந்தத் தலைப்பிலிருந்து, எத்தனை ஆண்டுக்குப் பார்த்துக்கொள்வார்கள் என்று முதல் மனுவிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.